அக்காவின் ஐந்து குதிரைத்திறன்

ஹெட்டக்காவுக்குத் தன் தங்கையைப் பார்த்தால் வயிறு எரியும். மறைத்துப் பழக்கமில்லை. மறைக்க நினைத்தாலும் மூக்கு நுனி சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். தங்கை பிறந்த அன்று, தொட்டிலை எட்டிப் பார்த்த ஒன்பது வயதுக்காரி, "இதுக்கு மட்டும் எப்படி இவ்வளவு முடி?" என்று கேட்டாளாம். அன்று தொடங்கிய கேள்வி. பிறகு தங்கையின் கையெழுத்து, தங்கையின் மதிப்பெண், தங்கை சிரித்தால் விழும் கன்னக்குழி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போனது. கடைசியாகச் சேர்ந்தது ஒரு லேப்டாப்.

காரின் என்ஜினில் மேல்பாகத்துக்கு சிலிண்டர் ஹெட் என்று பெயர். காற்றும் பெட்ரோலும் உள்ளே போவதும் புகை வெளியே வருவதும் அதன் வழியாகத்தான். அதைக் கழற்றி, பிரித்து, சரிசெய்து மாட்டுவது அவள் வேலை. அதனால் ஊருக்கே ஹெட்டக்கா. கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்கு ஒரு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. அவள் கணவர் கார்களுக்கு வண்ணம் அடிப்பவர். டயர் கடைக்கும் அச்சகத்துக்கும் நடுவில் அவருக்கு நீளமான ஒரு கொட்டகை. அங்கே ஹெட் வேலை பார்த்த ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, பாதியில் கிடந்த வேலையை அவள் சும்மா எடுத்துப் பார்த்தாள். வால்வின் முகத்தில் அரைக்கும் பசையைத் தடவி, அதை ஹெட்டில் உட்காரவைத்து, மேலே ஒட்டிய குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டு உருட்டென்று உருட்டினால், கொஞ்ச நேரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் விழும். எங்கும் விட்டுப்போகாத வளையம். அது விழுந்த அன்று அவள் சாப்பிட மறந்துபோனாள். பதினாறு வருடம் ஓடிவிட்டது. கொட்டகையின் பின்மூலையில் ஜன்னலையொட்டி அவள் மேஜை, அதன் பக்கத்தில் ஹெட்டின் அடித்தளத்தைச் சீவும் இயந்திரம். அந்த மூலைக்குள் அவள் கணவரே செருப்பைத் தட்டிவிட்டுத்தான் வருவார்.

தங்கை வெளியூரில் ஒரு கம்பெனியில் என்ஜின் ட்யூனிங் கற்றுக்கொண்டு, இரண்டு வருடத்துக்கு முன் அக்கா வீட்டு மாடிக்குக் குடி வந்தாள். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு கேபிளைச் செருகுவாள். லேப்டாப்பில் என்னமோ தட்டுவாள். எப்போது பொறி வெடிக்க வேண்டும், எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்ற கணக்கெல்லாம் மாறி, வண்டி இளைஞனாகிவிடும். நான்கு நாள் குனிந்து அக்கா செய்த வேலைக்கு "பரவாயில்ல" என்று சொல்லிப் போனவர்கள், தங்கை அரைமணி நேரம் தட்டியதற்கு "அடேயப்பா!" என்றார்கள். அந்த 'அடேயப்பா' ஒவ்வொன்றும் ஹெட்டக்காவுக்கு மனப்பாடம். யார் சொன்னது, எந்த வண்டி, என்ன கிழமை என்று கேட்டால் சொல்லுவாள்.

"உன் காதுல இருந்து வர்ற புகைக்கு ஒரு சைலன்சர் மாட்டணும்டி," என்பார் பெயின்டர்.

"மாட்டுங்க. அதையும் உங்க மச்சினியே வந்து ட்யூன் பண்ணட்டும்."

விஷயம் முற்றியது ஒரு இயந்திரத்தால். தரையில் பதித்த இரண்டு உருளைகள். அதன்மேல் காரை ஏற்றி நின்ற இடத்திலேயே ஓட்டினால், சக்கரத்துக்கு எத்தனை குதிரைத்திறன் வந்து சேர்கிறது என்று திரையில் காட்டும். டைனோ என்பார்கள். அது ஊருக்கு வெளியே ஓரிடத்தில்தான் இருந்தது. ஒவ்வொரு முறையும் வண்டியை அங்கே கொண்டுபோக வேண்டும். பழைய டைனோ ஒன்று விலைக்கு வருகிறது என்று தங்கை சொன்னாள். பெயின்டரும் தலையாட்டிவிட்டார். எங்கே வைப்பது? கொட்டகையை நான்கு முறை நடந்து அளந்துவிட்டு, தங்கை பின்மூலையில் போய் நின்றாள்.

"இங்கதான் சரியா இருக்கும், மாமா."

ஹெட்டக்கா கையிலிருந்த வால்வைக் கீழே வைத்தாள். "இங்க நான் இருக்கேன்."

"உன்னைத் தூக்கியா போடப் போறோம்? மேஜைய முன்னாடி போட்டுக்கலாம்க்கா."

"பெயின்ட் தூசியில ஹெட் வேலையா? உன் லேப்டாப்ப அடுப்புமேல வச்சு வேலை செய், நானும் முன்னாடி போறேன்."

பெயின்டருக்கு இருவருமே வேண்டும். மென்று விழுங்கி ஒரு வழி சொன்னார். மருந்துக்கடைக்காரரின் கார் அப்போதுதான் வந்திருந்தது. நான்கு சிலிண்டர், சின்ன என்ஜின், வயதான வண்டி. வருடத்துக்கு ஒருமுறை பக்கத்து மலைப்பாதையில் சொந்தக் கார்களை ஓட்டி நேரம் பார்க்கும் போட்டி நடக்கும். போன வருடம் அவருடைய மச்சானின் கார் அவரை இரண்டு நொடியில் முந்திவிட்டது. பெரிய என்ஜின் மாற்றக்கூடாது, டர்போ கூடாது என்பது விதி. உள்ளதையே கொஞ்சம் உசுப்பிவிட வேண்டும்.

"அதிகமா ஒண்ணும் வேண்டாம்மா," என்று மருந்துக்கடைக்காரர் பணிவாகச் சொன்னார். "அவன் மூஞ்சி ஒருதடவ சுருங்கினா போதும்."

பெயின்டர் சொன்ன வழி இதுதான்: முதலில் அக்கா கைவேலை செய்யட்டும், டைனோவில் அளப்போம். பிறகு தங்கை லேப்டாப் வேலை செய்யட்டும், மறுபடி அளப்போம். யார் கூட்டிய குதிரைத்திறன் அதிகமோ அவருக்கு மூலை.

"சம்மதம்," என்றாள் தங்கை, கன்னக்குழி விழ.

ஹெட்டக்கா அந்தக் கன்னக்குழியைப் பார்த்துக்கொண்டே, "சம்மதம்," என்றாள்.

வேலை செய்யாத நிலையில் அந்த வண்டி சக்கரத்தில் காட்டியது ஐம்பத்தெட்டு.

அடுத்த ஐந்து நாளும் அவள் மூலையை விட்டு நகரவில்லை. காற்று போகும் துளைகளில் வார்ப்பு விட்ட சொரசொரப்பை எல்லாம் தேய்த்தாள். துளையைப் பெரிதாக்கவில்லை, பெரிதாக்கினால் காற்று சோம்பேறியாகிவிடும் என்பது அவள் கட்சி. இணைப்பில் வைக்கும் கேஸ்கெட்டின் விளிம்பு எங்கெல்லாம் காற்றின் வழியில் நாக்கை நீட்டிக்கொண்டிருந்ததோ அங்கெல்லாம் வெட்டி ஒழுங்குபடுத்தினாள். வால்வு உட்காரும் இடத்தை மூன்று சாய்வில் வெட்டினாள். விரலை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இதெல்லாம் சேர்ந்து மூன்று குதிரைத்திறன் கூட்டும், மிஞ்சிப்போனால் நான்கு. அவள் அதில் பதினாறு வருடத்துக்காரி. தங்கை லேப்டாப்பில் நான்கு எடுத்து அவள் இரண்டு முறை பார்த்திருக்கிறாள்.

ஆறாம் நாள் காலை ஹெட்டைச் சீவும் இயந்திரத்தில் ஏற்றினாள். அடித்தளத்தைச் சீவினால், மேலே காற்றை அழுத்தும் இடம் குறுகும், அழுத்தம் ஏறும், வண்டிக்கு இழுப்பு வரும். அந்த என்ஜினுக்கு மில்லிமீட்டரில் பத்தில் மூன்று பங்கு சீவலாம். அதற்குமேல் சீவினால் பெட்ரோல் தன் நேரம் வருமுன்பே தானாக வெடிக்கப் பார்க்கும். அவள் மூன்று எடுத்தாள். நிறுத்தினாள். டீ குடித்தாள். முன்பக்கத்தில் பெயின்டர் யாரிடமோ, "என் மச்சினி கைய வச்சா போதும்," என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. டம்ளரை வைத்துவிட்டு வந்து இன்னொரு மூன்று எடுத்தாள். அப்புறம் இன்னொரு மூன்று.

டைனோ அறுபத்து மூன்று காட்டியது. ஐந்து! பெயின்டர் விசிலடித்தார். தங்கை உண்மையாகவே சந்தோஷப்பட்டு அக்காவின் தோளைக் கட்டிக்கொண்டது ஹெட்டக்காவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பொறாமைப்படக்கூடத் தெரியாத ஜென்மம்.

"ஹெட்டுல எவ்வளவுக்கா எடுத்தே? டைமிங் வைக்க அது தெரியணும்."

"மூணு."

சொல்லும்போது ஹெட்டக்கா கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒன்பது என்று சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு இவள் கச்சிதமாகக் கணக்குப் போடுவாள்; அக்கா சீவியதிலிருந்தே இன்னும் இரண்டு குதிரைத்திறன் கறந்து தன் பேரில் எழுதிக்கொள்வாள். ஒன்பது என்னுடையது, அதை ஏன் கொடுக்க வேண்டும்? இவ்வளவுதான் அப்போது தோன்றியது. தங்கை 'மூணு' என்று லேப்டாப்பில் குறித்துக்கொண்டாள். ஹெட்டக்கா சொன்ன அளவை அந்தக் கொட்டகையில் யாரும் திருப்பி அளந்ததே கிடையாது.

மறுநாள் தங்கையின் முறை. டைனோவின் முன்னால் ஆள் உயரத்துக்கு ஒரு மின்விசிறி, என்ஜின் சூடாகாமல் இருக்க, காதைக் கிழித்துக்கொண்டு ஓடியது. தங்கை காருக்குள் மடியில் லேப்டாப்போடு. டைமிங்கை, அதாவது பொறி வெடிக்கும் நேரத்தை, ஒவ்வொரு டிகிரியாக முன்னால் தள்ளித் தள்ளி ஓட்டிப் பார்ப்பது அவள் வேலை. ரொம்பத் தள்ளிவிட்டால் என்ஜினுக்குள் 'நாக்கிங்' அடிக்கும். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல் ஒரு சத்தம். அதைக் கேட்டுச் சொல்ல ஒரு கருவி உண்டு. தங்கை வாங்கவில்லை. அக்கா காது இருக்கும்போது அது எதற்கு என்பாள்.

ஆகவே ஹெட்டக்கா வழக்கம்போல் பானெட்டைத் திறந்து, என்ஜினை மூடிய தகட்டின்மேல் ஒரு கையை வைத்து, தலையைச் சாய்த்து நின்றாள்.

ஒரு டிகிரி. அறுபத்து நான்கு. சுத்தமாக இருந்தது.

இரண்டு டிகிரி. அறுபத்தாறு. மூன்றாவது சிலிண்டர் பக்கம் ஒரே ஒரு கல் உருண்டது. உடனே அடங்கியது.

"அக்கா!" ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் தங்கை கத்தினாள். "காது குடு! ஏதாவது கேக்குதா?"

அறுபத்தாறு என்றால் தங்கைக்கு மூன்று. இன்னும் இரண்டு வந்தால் சமம். மூன்று வந்தால் மூலை போச்சு. இப்போதே நிறுத்து என்று சொன்னால் தங்கை தோற்றுவிடுவாள். ஆனால் ஏன் இவ்வளவு சீக்கிரம் அடிக்கிறது என்று கேட்பாள். கேட்டால் மூன்று ஒன்பதாகிவிடும். இத்தனையும் அவள் மனதில் ஓடி முடிய ஒரு மூச்சு விடும் நேரம்தான் ஆயிற்று.

"ஒண்ணுமில்ல!" என்று கத்தினாள் ஹெட்டக்கா. "நீ போ!"

மூன்று டிகிரி. டப்பா நிறையக் கல். அவள் உள்ளங்கைக்கே அது தெரிந்தது. திரையில் அறுபத்தேழு என்று எழுந்த எண் அப்படியே சரிந்தது. 'டக்' என்று ஒன்று. அவ்வளவுதான். சைலன்சர் வழியாக நீலப் புகை மெதுவாக வெளியே வந்தது.

விசிறியை நிறுத்திய பிறகு, தன் வண்டியைப் பார்க்க வந்திருந்த மருந்துக்கடைக்காரர்தான் முதலில் பேசினார். "போட்டிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கும்மா." திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"பேராசைப்பட்டுட்டே, சின்னவளே," என்றார் பெயின்டர். அவர் அவளிடம் அந்தக் குரலில் பேசி யாரும் கேட்டதில்லை.

"ஆமா மாமா. ரெண்டு டிகிரியிலயே நிறுத்தியிருக்கணும்." தங்கையின் கன்னத்தில் குழியும் இல்லை, ஒன்றும் இல்லை. "என் தப்புதான்."

அக்கா பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சந்தேகம் இருந்தால்தானே பார்ப்பாள்.

வீட்டுக்கு வரும் வழியில் பெயின்டர் சொல்லிவிட்டார்: மூலை அக்காவுக்கே. டைனோ பேச்சு இனி வேண்டாம். ஹெட்டக்கா ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். பாதி வழி வரை கொஞ்சம் வந்தமாதிரிதான் இருந்தது.

மறுநாள் அவளே என்ஜினைப் பிரித்தாள். மூன்றாவது பிஸ்டனின் ஓரம், ரிங் உட்காரும் இடத்தில், பிஸ்கட்டைக் கடித்ததுபோல் உடைந்திருந்தது. நல்லவேளை, சிலிண்டர் சுவரில் கீறல் இல்லை. உடைந்த துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இது எப்படி உடைந்தது என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்: அவளுக்கும் பிஸ்டனுக்கும். பிஸ்டன் பேசாது.

அப்போதுதான் தங்கை பின்மூலைக்கு வந்தாள். செருப்பைத் தட்டிவிட்டு வந்தாள். பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"லேப்டாப்ப மூட்டை கட்டிடலாம்னு இருக்கேன். உள்ள என்ன இருக்குன்னு தெரியாம மேல நம்பரை மாத்திட்டே இருந்திருக்கேன். உன்னை மாதிரி விரலால தடவிப் பாக்கத் தெரியணும்." மேஜைமேல் கிடந்த வால்வை எடுத்தாள். அரைக்கும் பசையைத் தொட்டு அதன் முகத்தில் தடவி, ஹெட்டில் உட்காரவைத்தாள். குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டத் தொடங்கினாள். "எனக்கும் ஹெட் வேலை கத்துக் குடுக்கா. நானும் இங்கயே உக்காந்துக்கறேன்."

ஹெட்டக்கா அந்தக் கைகளைப் பார்த்தாள். நீளமான விரல்கள். சீரான உருட்டல், அவசரமே இல்லை. வால்வைத் தூக்கிப் பார்த்தபோது சாம்பல் வளையம் விழ ஆரம்பித்திருந்தது. முக்கால் வட்டம். முதல் முறையிலேயே! ஹெட்டக்காவுக்கு அது முதல்முதலாக விழ ஒரு பகல் முழுதும் ஆனது. இதையும் எடுத்துக்கொள்வாள். ஆறு மாதத்தில் 'ஹெட்டு வேலையா, சின்னவகிட்ட குடுங்க' என்று ஊர் சொல்லும்.

"ஒம்பது," என்றாள்.

"என்ன ஒம்பது?"

"ஹெட்டுல எடுத்தது. மூணு இல்ல. ஒம்பது."

வால்வு உருளுவது நின்றது. குற்ற உணர்ச்சியில் சொன்னாளா, தங்கையை அந்த ஸ்டூலிலிருந்து எழுப்பிவிடச் சொன்னாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. சொல்லிவிட்டாள்.

தங்கை எழுந்து ஹெட்டை எடுத்துத் தானே அளந்தாள். அளவுகோலைத் திரும்பவும் வைத்து இன்னொரு முறை அளந்தாள். உதடு அசைய மனக்கணக்குப் போட்டாள்.

"ஒம்பதுன்னா, டைமிங்க முன்னாடி தள்ளவே கூடாது. ரெண்டு டிகிரி பின்னாடி இழுத்திருக்கணும்."

"தெரியும்."

"தெரியுமா?" தங்கை நிமிர்ந்தாள். "அப்ப சத்தமும் கேட்டிருக்கும்."

ஹெட்டக்கா குனிந்து உடைந்த துண்டை எடுத்தாள். மூக்கு நுனி சொல்லிவிட்டது.

"அளவை மறைச்சே, அது போட்டி. சரி. காது குடுன்னு கேட்டேன்ல? அப்பவாவது சொல்லியிருக்கலாம்லடி!"

பிறந்ததிலிருந்து அக்காவை அவள் 'டி' போட்டதில்லை. அதன்பின் எந்தப் பெயரிலும் கூப்பிடவில்லை.

பெயின்டரிடமும் மருந்துக்கடைக்காரரிடமும் ஹெட்டக்காவே போய்ச் சொன்னாள். பெயின்டர் கையிலிருந்த ஸ்ப்ரே துப்பாக்கியைத் தொங்கவிட்டுவிட்டு பாதி வண்ணம் அடித்த கதவை அப்படியே போட்டுவிட்டு வெளியே போனார். மருந்துக்கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தங்கச்சி மேலயா பொறாமை? எனக்காவது மச்சான் மேல," என்றார். அந்த ஒரு வாக்கியம் அவளை என்ன செய்ததோ, ஆறே நாளில் புது பிஸ்டன் போட்டு என்ஜினை மாட்டி முடித்தாள்.

தங்கை டைமிங்கைப் பின்னால் இழுத்து, பெட்ரோல் கணக்கைத் திருத்தி எழுதினாள். இந்த முறை காதில் ஒரு கருவியை மாட்டியிருந்தாள். அதன் வயர் என்ஜினில் இறுக்கிய ஒரு சின்ன உணரியில் போய் முடிந்தது. பானெட் பக்கம் நின்ற அக்காவை அவள் எதுவும் கேட்கவில்லை.

"சுத்தமா இருக்கு!" என்று ஹெட்டக்கா தானாகவே கத்தினாள்.

தங்கை கருவியை ஒரு காதிலிருந்து நகர்த்தினாள். "என்ன?"

"சுத்தமா இருக்குன்னேன்!"

"தெரியுது," என்று சொல்லிவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டாள். அந்தக் கறுப்புக் கருவியைப் பிடுங்கி உருளைக்கு அடியில் போட வேண்டும்போல் இருந்தது ஹெட்டக்காவுக்கு.

அறுபத்தெட்டு வந்தது. மருந்துக்கடைக்காரர் மச்சானை அரை நொடியில் முந்தினார். மூஞ்சி சுருங்கியதாம், சுருங்கிய மூஞ்சியோடு அந்த மச்சான் தன் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருவதையே நிறுத்திவிட, இப்போது மருந்துக்கடைக்காரரிடம் அவர் மனைவி பேசுவதில்லை. அந்தப் பத்தில் யாருக்கு எத்தனை என்று பெயின்டர் தெரியாத்தனமாகக் கேட்டார். தங்கைதான் பதில் சொன்னாள்.

"பிரிக்க முடியாது மாமா. மூலை அவளுக்கே இருக்கட்டும். டைனோ வாங்க வேண்டாம், நான் ஊருக்கு வெளிய போயே ஓட்டிக்கறேன். ஆனா இனிமே அவ எடுக்கிற ஒவ்வொரு அளவையும் நானும் ஒருதடவ அளப்பேன்."

பதினாறு வருடத்தில் யாரும் செய்யாத காரியம். மூலையே போயிருக்கலாம் என்று ஹெட்டக்காவுக்கு அந்த நிமிடம் தோன்றியது. ஆனாலும் தலையை ஆட்டினாள்.

அடுத்து ஒரு டாக்ஸிக்காரர் வந்தார். மேட்டில் இழுக்கவில்லை, கொஞ்சம் உசுப்பிவிட முடியுமா என்றார். ஹெட்டக்கா கழற்றினாள், தேய்த்தாள், சீவினாள். தங்கை செருப்பைத் தட்டிவிட்டு வந்து நின்றாள். அக்கா என்று இன்னும் வாயில் வரவில்லை.

"எவ்வளவு?"

"ரெண்டரை."

தங்கை அளவுகோலை எடுத்து ஹெட்டின் விளிம்பில் வைத்தாள். அது வழுக்கியது. ஹெட்டக்கா குனிந்து, இரண்டு கையாலும் ஹெட்டை அசையாமல் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டே, இவள் அளவு ஒரு மயிரிழையாவது தப்பாக வரட்டும், ஒரே ஒரு மயிரிழை, என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டாள்.

"ரெண்டரை," என்றாள் தங்கை.